நாலு கதவு வண்டி

இன்னைக்குக் காலையில உங்க தம்பி ஒரு பிக்கப் வண்டியை ஓட்டிட்டு வந்து நம்ம வாசல்ல நிறுத்தினார். பழைய வண்டிதான், ஆனா சீட்டுக்குப் புது உறை போட்டிருக்காங்க. கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்துச்சு. தருமபுரியில வண்டி பார்க்கப் போனப்ப நீங்க ஒவ்வொரு கதவா திறந்து மூடிப் பார்த்தீங்களே, அப்ப வந்த அதே வாசனை. எனக்கு அழுகை வரலை. வரும்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். அப்புறம் அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்து உள்ள போயிட்டேன்.

அவர் ரெண்டு வண்டி பார்த்து வெச்சிருக்கார். வாசல்ல நிக்கறது நாலு கதவு. இன்னொண்ணு ரெண்டு கதவு, பின்னாடி லோடு ஏத்தற இடம் நீளம். எதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். ஓட்டப் போறது அவர்தான். ஆனாலும் "நீங்களே சொல்லுங்க அண்ணி"ன்னு விட்டுட்டார். நீங்க போனதுலேர்ந்து எல்லாத்தையும் என்னைத்தான் கேக்கறாங்க. எனக்கு இன்னும் அரிசி எவ்வளவு போடறதுன்னே பிடிபடலை. தினமும் மீந்து போவுது.

தக்காளி நட்ட புதுசுல நீங்க என் கோலமாவு டப்பாவை எடுத்து, டேப்பு பிடிச்சு அளந்து, வாசல்ல வண்டி வரைஞ்சீங்க. முன்னாடி ரெண்டு பிளாஸ்டிக் சேர், பின்னாடி ரெண்டு. அதுக்கும் பின்னாடி தக்காளி போடற காலி கிரேடுங்களை அடுக்கச் சொன்னீங்க. அடுக்கினேன். தள்ளி நின்னு பார்த்துட்டு, "பாதிதான் புடிக்குது புள்ள"ன்னீங்க. பின் சேருங்களை எடுத்துட்டு அடுக்கினா அத்தனையும் புடிச்சுது. தாடையைத் தடவிக்கிட்டே நின்னீங்க. அப்புறம் கிரேடுங்களை இறக்கிட்டு, சேருங்களை மறுபடியும் கொண்டாந்து போட்டீங்க.

"இது தெனமும் ஓட்டற வண்டி. பாலக்கோடு மண்டிக்குப் போறது ஒரு நேரம். மத்த நேரம் நாமதான போவணும்? உன்னையும், ஊருக்கு வர்றப்ப நம்ம பொண்ணையும் கிரேடோட கிரேடா குந்த வெச்சு நான் ஓட்ட மாட்டேன்."

எதிர் வூட்டு அக்கா கொடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னு பார்த்துட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது, டீசல் எவ்வளவு குடிக்கும்?"னு கேட்டாங்க. நீங்க சிரிக்கவே இல்லை. "டீசல் பரவால்லக்கா, மழை வந்தாத்தான் கரைஞ்சிடும்"னீங்க.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டி நம்ம கல்லு ரோட்டுல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. லோடு இருந்தா அடங்கிப் போவும், காலியா போனா குதிக்கும்னு சொன்னீங்க. கிணத்து மேட்டு வளைவுல திரும்புமான்னு இறங்கி இறங்கிப் பார்த்தீங்க. புடவையோட ஏற முடியலை, ஒசரமா இருக்குன்னேன். ஒரு கம்பிப் படி வெல்டிங் வெச்சுக்கலாம்னீங்க. பறிப்பு முடியட்டும், அப்புறம் வாங்கலாம்னு பேசி வெச்சோம்.

பறிப்பு முடியறதுக்கு முன்னாடியே ஒரு நாள் தக்காளிக் காட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்க. வாயுதான்னீங்க. மண்டியில தக்காளியை இறக்கிட்டு வந்த பக்கத்துக் காட்டுக்காரர் வண்டி அங்கேயே நின்னுச்சு. ரெண்டு கதவு வண்டி. அவர் ஓட்ட, உங்களை நடுவுல உக்கார வெச்சு, பிடிச்சுக்கறதுக்கு அவர் மகன் ஏறிக்கிட்டார். "நீ பின்னாடி ஏறிக்கம்மா"ன்னாங்க. காலி கிரேடுங்களுக்கு நடுவுல ஏறினேன்.

தருமபுரி ரோட்டுல இண்டூர் தாண்டற வரைக்கும் வண்டி குதிச்சுக்கிட்டேதான் போச்சு. சின்னக் கண்ணாடி வழியா உங்க பின்னந்தலை மட்டும் தெரிஞ்சுது. கண்ணாடியைத் தட்டினேன். நீங்க திரும்பலை. சத்தத்துல கேக்கலை போலன்னு நினைச்சேன். ஒரு இடத்துல தலை சாஞ்சுது. வலி விட்டுத் தூங்கறீங்கன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினதும் சொன்னாங்க, வழியிலயே போயிட்டீங்கன்னு. கிரேடைப் பிடிச்ச தடம் என் உள்ளங்கையில செவப்பா இருந்துச்சு. எல்லாரும் அழுதப்ப நான் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

சாயங்காலம் உங்க தம்பி வந்தார். "ரெண்டு கதவுன்னா ஒரே நடையில எல்லாக் கிரேடும் போயிடும் அண்ணி. பின் சீட்டுல இனிமே யாரு குந்தப் போறாங்க?"ன்னார். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டார். பாவம், அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லை. கணக்குப் பார்த்தா அதுதான் சரி.

நான் வெளிய போயி, பின் கதவைத் திறந்து ஏறினேன். ஒசரமாத்தான் இருந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். முன் சீட்டு காலியா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கி வந்தேன்.

"இதுவே இருக்கட்டும் தம்பி. ரெண்டு நடையா போயிக்கலாம். ஒரு படி மட்டும் வெல்டிங் வெச்சிடுங்க."

ஏன்னு உங்ககிட்டதான் சொல்றேன். பின்னாடி உக்காந்து கையை நீட்டினா, முன்னாடி இருக்கறவங்க தோள் எட்டுது. நீட்டிப் பார்த்துட்டேன்.