முகிலங்கோட்டுக் கஞ்சாப் பாத்தி வழக்கு

மழை பிழையாத செந்தாழைப் பெருநாட்டின் அரியணையில் வீற்றிருக்கும் மாதேவி நிலமங்கை, முகிலங்கோட்டு மலைக்கூற்றத்தின் அதிகாரி அழிசி அரையருக்கு விடுக்கும் ஓலை. உம் ஊர்களில் நெல் முற்றுக. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

மருத்துவச்சி காரிக்கண்ணியையும் வேட்டைத் தடம் பார்க்கும் கோடனையும் சிறையிட்டிருப்பதாகவும், அவளை எல்லை ஆற்றுக்கு அப்பால் துரத்தவும், அவனது காட்டுரிமையைப் பறிக்கவும், மலைமேல் உள்ள கஞ்சாப் பாத்தியைக் கொளுத்தவும் எம் இசைவு வேண்டுமென்றும் நீர் எழுதிய ஓலையும், வழக்கின் கட்டும் வந்து சேர்ந்தன. எழுத்தை மட்டும் கண்டு ஒருத்தியை நாடு கடத்த எமக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே அவளை இங்கே வரவழைத்து, ஒரு பகல் முழுதும் எதிரே அமரவைத்துக் கேட்டோம். அவள் சொன்னதையும், அவள் வாயால் பிறர் சொன்னதாக அறிந்ததையும், சொல் மாற்றாமல் எழுதச் செய்திருக்கிறோம். பொறுமையாகப் படிப்பீராக.

வடகணவாய்ப் போரில் வெட்டுண்ட நாற்பத்தொரு வீரர் உம் மலையடிவாரத்து மருத்துவச் சாலையில் கிடப்பதை நீர் அறிவீர். கால் போனவர், கை போனவர், விலாவுக்குள் அம்பு முனை தங்கிவிட்டவர். அவர்களின் வலியை ஆற்றும் லேகியத்துக்கு வேண்டிய கஞ்சா இலை எம் மருந்துத் தோட்டத்திலிருந்து உம் பண்டகசாலை வழியே போய்க்கொண்டிருந்தது. ஓராண்டுக்கு முன் தலைநகரில் மயங்கித் திரிந்தோரின் தொல்லை பொறாமல், அரண்மனைத் தோட்டத்துக்கு வெளியே அச்செடியை எவரும் வளர்க்கலாகாது, அதன் இலையும் வெளியே போகலாகாது என்று யாம் ஆணையிட்டோம். அன்றோடு சாலைக்கு இலை வருவது நின்றது. இருந்த லேகியம் நான்கு மாதம் தாங்கியது. ஐந்தாம் மாதம், விலாவில் முனை தங்கிய ஒருவன் தன் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டான். அவனைக் கரையேற்றிய அன்றே, சாலையில் அவர்களைப் பேணும் காரிக்கண்ணி பழைய சாக்கின் அடியில் கிடந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டு மலை ஏறினாள்.

அரைப்பகல் ஏறினால் வரும் ஒரு பள்ளத்தாக்கில், ஓடைக்கு மேலே, அவள் பாத்தி கட்டினாள். அன்றுமுதல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலையில் இருக்கும்போது பாத்தியில் என்ன நடக்கிறதோ என்று தவித்தாள். பாத்தியில் இருக்கும்போது சாலையில் தன்னை யார் தேடுகிறார்களோ என்று தவித்தாள். தளிர் விட்டதும் கடமான் வந்தது. மான் தின்றது போனால் போகிறதென்று விட முடியவில்லை, ஏனெனில் மான் போன தடத்தில் வேடர் வருவர். வேலி கட்டினால் மான் வராது, ஆனால் ஆளில்லாக் காட்டில் வேலியைக் கண்ட எவனும் உள்ளே எட்டிப் பாராமல் போகமாட்டான். ஒரு கால் இழந்த வீரன் பெருஞ்சாத்தன் ஒருவனிடமே இதைச் சொல்லியிருந்தாள். அவன் சொன்னானாம்:

“வேலி போட்டா வேடனுக்குத் தெரிஞ்சிடும், போடலன்னா மானுக்குத் தெரிஞ்சிடும். யாருக்குப் பயப்படறதுன்னு முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க தாயி.”

அவள் இருவருக்கும் பயந்தாள். காற்றில் முறிந்து விழுந்தவை போல முள்மரக் கிளைகளைக் குறுக்கே போட்டு மானின் வழியைத் திருப்பினாள். மான் விலகியது, பன்றி வந்தது. ஒரே நாளில் பாதிப் பாத்தியைக் கிண்டிவிட்டுப் போயிற்று. பன்றி வரும் வழியில் ஆள் மார்பளவுக்குக் குழி வெட்டி, மேலே சருகு மூடினாள். வெட்டும்போதே யாராவது மனிதர் வந்தால் என்ற எண்ணம் வந்ததென்றும், இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று அதை அடக்கிக்கொண்டதாகவும் அவளே எம்மிடம் ஒப்புக்கொண்டாள். யாம் கேளாமலே ஒப்புக்கொண்டாள்.

கார்த்திகையில் உம் வேட்டைக் கூட்டம் முகிலங்கோட்டுக்கு வந்தது. இரண்டு நாள் பறையொலி மலையைச் சுற்றி வந்ததைச் சாலையிலிருந்தே கேட்டாள். கஞ்சியில் இருமுறை உப்பிட்டாள். ஒருவனுக்குக் கட்ட வேண்டிய பச்சிலையை மற்றொருவனுக்குக் கட்டினாள். மூன்றாம் நாள் விடிந்ததும், போய் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமலே மலை ஏறினாள். பள்ளத்தாக்கை அடையும்போது முனகல் கேட்டது. அவள் வெட்டிய குழிக்குள் உம் தடம் பார்ப்போன் கோடன் சிக்கியிருந்தான். அம்பு பட்ட கடமானின் குருதித் துளிகளைத் தொடர்ந்து தனியே வந்தவன், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, குழியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான். பத்தடி தொலைவில் பாத்தி பச்சையாக நின்றது. அவன் செடிகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் தான் அசையாமல் நின்றதாகக் காரிக்கண்ணி கூறினாள். திரும்பி நடந்துவிட்டால் அவனைத் தேடி எவரும் அங்கே வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. “அந்த நேரத்த என்னால மறைக்க முடியல மாதேவி. நான் வைத்தியம் பாக்குறவ. எனக்கா அப்படித் தோணுச்சுன்னு இன்னமும் நெஞ்சு ஆறல” என்றாள். பிறகு குழிக்குள் இறங்கினாள். மூங்கில் பிளந்து எலும்பை நேராக்கிக் கட்டினாள். இளம் இலைகளைக் கிள்ளிக் கிண்டி மடியில் வைத்திருந்த லேகியத்தைக் கொடுத்தாள். கொடியை முறுக்கிக் கயிறாக்கி அவனை மேலே ஏற்றி, தன் தோளில் சாய்த்துக்கொண்டு, நள்ளிரவில் சாலை சேர்ந்தாள்.

ஒன்பது நாள் கோடன் சாலையில் கிடந்தான். பாத்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் உம் ஆட்கள் அவனைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அதன்பின் சாலைவழியில் புழுதி எழும்போதெல்லாம் காரிக்கண்ணி வாசலுக்கு வந்தாள். மாடு வந்தது, விறகு வந்தது, கூத்தாடிகள் வந்தார்கள், காவலர் வரவில்லை. பாத்திக்குப் போகவும் துணியவில்லை, பின்னால் ஆள் வருமோ என்ற ஐயம். சோறு இறங்கவில்லை. பெருஞ்சாத்தன் தேற்றிப் பார்த்தான்.

“அவன் சொல்லமாட்டான் தாயி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. சொல்லியிருந்தா இதுக்குள்ள வந்திருப்பாங்க.”

“வந்துட்டாக் கூடத் தேவல சாத்தா. வராம இருக்காங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.”

கோடன் போன பன்னிரண்டாம் நாள் லேகியக் கலத்தைப் பெருஞ்சாத்தனிடம் ஒப்படைத்துவிட்டு, நடந்தே உம் வாயிலுக்கு வந்து, எல்லாவற்றையும் தானே உரைத்தாள். அதன்பின் நிகழ்ந்தது நீர் அறிந்ததே. பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று உம் முன் சத்தியம் செய்திருந்த கோடனை ஊன்றுகோலோடு வரவழைத்தீர். அவன் அவளைப் பார்த்துச் சொன்னதை உம் ஓலை குறிக்கவில்லை. அவள் குறித்தாள்.

“நான் மறந்துட்டேன் தாயி. நீங்க எதுக்கு வந்து ஞாபகப்படுத்துனீங்க?”

இதைச் சொல்லும்போதுதான் அவள் எம் முன் அழுதாள். தன் மேல் வந்த தண்டனைக்கு அவள் அழவில்லை.

ஆணையை மீறுமுன் ஏன் முறையிடவில்லை என்று யாம் கேட்டோம். மூன்று முறை உமக்கு ஓலை விடுத்ததாகவும் மறுமொழி வரவில்லை என்றும் கூறினாள். நீர் அனுப்பிய வழக்குக் கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். அவள் பெயர் எழுதியவை அனைத்தையும் உம் எழுத்தர் கருத்தாகச் சேர்த்துக் கட்டியிருந்தார். மூன்று ஓலைகளும் அதில் இருந்தன. மூன்றிலும் கட்டிய நூல் அறுபடாமல் இருந்தது. யாமே அறுத்துப் படித்தோம். மூன்றாவதில் ஒரே வரிதான்: ‘மருந்து இல்லை என்றாவது எழுதுங்கள், காத்திருப்பதையேனும் விட்டுவிடுகிறேன்.’

ஆணை எழுதியது எம் கை. புண்பட்டோரை நினையாமல் எழுதியது எம் பிழை. அதை எவர் மேலும் சுமத்தோம். படிக்காமல் விட்டது உம் பிழை.

ஆகவே யாம் விதிப்பது இது. கோடனை இவ்வோலை கண்டதும் விடுவிப்பீர். அவன் பொய்ச் சத்தியம் செய்தது குற்றமே; அவன் காலில் அவன் பட்டது அதற்குப் போதும். அவன் காட்டுரிமை அவனுடையதே. மனிதர் நடக்கக்கூடிய இடத்தில் குழி வெட்டியது காரிக்கண்ணியின் குற்றம். அவன் ஊன்றுகோலின்றி நடக்கும்வரை அவனுக்கு வைத்தியம் செய்வது அவள் கடன். எம் தோட்டத்து இலையில் இரண்டு மூட்டை அவளோடு வருகிறது. அடுத்த மழைக்குச் சாலையின் முற்றத்திலேயே, எல்லோரும் காண, வேலியிட்ட பாத்தி ஒன்று எம் பெயரால் அமையும்.

மலைமேல் உள்ள பாத்தியைக் கொளுத்தலாகாது. அறுவடைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருப்பதாக அவள் சொல்கிறாள். அதுவரை அதைக் காப்பவர் நீரே. ஏவலரை அனுப்பலாகாது; பள்ளத்தாக்கில் குடிசையிட்டு நீரே தங்குவீர். கோடன் இருக்கும் இடத்திலிருந்தே வழி சொல்வான். குழியை முதலில் தூர்ப்பீர். அறுவடை முடியும்வரை அம்மலையில் வேட்டை இல்லை. ஆயினும் ஆணை அறியாத வேடரும், எந்த ஆணையையும் அறியாத மானும் பன்றியும் வரும். வேலி கட்டுவதா வேண்டாமா என்பதை நீரே முடிவு செய்வீர்.

இத்தீர்ப்பைப் படித்துக் காட்டியபோது காரிக்கண்ணி மகிழ்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “நாப்பது நாளா யாரும் மேல போகல. இந்நேரம் மான் பூந்திருக்கும். அரையருக்கு மான் வெரட்டத் தெரியுமா மாதேவி?” என்று கேட்டாள். தெரியாது, கற்றுக்கொள்வார் என்றோம். இன்றே புறப்பட விடை கேட்டாள். உணவு உண்ணும்வரை கூட இருக்கச் செய்ய எம்மால் இயலவில்லை. இதை எழுதி முடிக்குமுன் அவள் வண்டி கோட்டை வாயிலைக் கடந்துவிட்டது.

ஆதலால் காலம் தாழ்த்தாதீர். இவ்வோலை கொணரும் தூதுவர் உம்மிடம் மறுமொழி பெற வரவில்லை. நீர் மலை ஏறுவதைக் கண்ணால் கண்ட பின்பே திரும்புவார்.

தாழை மலர் முத்திரை எம் கையால் பதித்தது. நிலமும் நீரும் இதற்குச் சான்று. நூலை அறுத்துப் படிக்க.