ஓநாயின் வயிற்றுக்குள் இருந்த பக்கங்கள்

அன்பு மகளே,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு வாய் கூடியிருக்கிறது என்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன், பேனா என் பேச்சைக் கேட்க இன்னும் நாளாகும். முதியோர் வகுப்பு டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். என் பெண்ணுக்கு நான் எழுதுவதில் உங்களுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ வரைந்த படக்கதை வந்து சேர்ந்தது. பதிப்பகத்தார் ஓநாய் வயிற்றுக்குள் நடக்கும் அந்தக் கறுப்புப் பக்கங்களை எடுத்துவிட்டு மரவெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள், மரவெட்டி இல்லாததில் உங்களுக்கும் வருத்தமா அப்பா, நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன் என்று எழுதியிருந்தாய். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாயே, அதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தேன். கட்டம் கட்டமாக இருந்ததா, நான் பாட்டுக்கு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஓநாய் முதலில் ஏப்பம் விட்டது, அப்புறம் சிறுமியை விழுங்கியது, அதற்கும் அப்புறம் வந்து கதவைத் தட்டியது. இந்தக் காலத்துக் கதை இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத்தே தெரியாத உன் அம்மாதான் படத்தைப் பார்த்துவிட்டு, தின்னு முடிச்சிட்டு எதுக்குங்க கதவைத் தட்டுது, பக்கவாட்டுல போங்க என்றாள்.

முறையாகப் படித்ததும் நம் சைக்கிள் கண்முன்னால் வந்து நின்றது. மர அறுவை ஆலைக்குப் போகிற வழியில் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உன்னை உட்காரவைத்து, இதே கதையைச் சொல்லிக்கொண்டு மிதிப்பேன். ஓநாய் விழுங்கும்போது பள்ளிக்கூடத் திருப்பம் வந்துவிடும். உடனே என் ஜாடையில் ஒரு மரவெட்டி ஓடிவந்து வயிற்றைக் கிழித்து அவளை எடுத்துவிடுவான். நீ விடமாட்டாய். உள்ள இருட்டா இருந்துச்சாப்பா, அவ என்ன பண்ணிட்டிருந்தா என்பாய். மணி அடிச்சாச்சு, இறங்கு கண்ணு என்பேன். மறுநாளும் அதே கதை, அதே கேள்வி.

இப்போது நீயே உள்ளே போய்ப் பார்த்துவிட்டாய். அந்த இருட்டில் அவள் தடவித் தடவி, முன்னால் விழுங்கப்பட்ட பிள்ளைகளின் செருப்புகளை எடுக்கிறாள். மரவெட்டியைக் கூப்பிடுகிறாள், யாரும் வரவில்லை. ஒரு செருப்பு வாரின் கொக்கியால் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள். ஒரு பக்கம்கூட எடுக்காதே அம்மா. மரவெட்டி வேண்டாம். சைக்கிளில் போன தூரத்துக்கு அவன் போதுமாக இருந்தான், நீ அந்தத் திருப்பத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டாய்.

தன்னந்தனியாக இருக்கிறாளே என்று போனை வைத்த பிறகெல்லாம் உன்னை நினைத்துப் புலம்புகிறவள் உன் அம்மா. அந்தச் செருப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிறுமி வெளியே வரும் படத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரலைன்னாலும் வந்துட்டா பாருங்க என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்குப் புலம்பவே இல்லை.

உன் கையும் கண்ணும் குறைவில்லாமல் இருந்து, நினைத்ததை நினைத்தபடி நீ வரைய வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். பதிப்பகத்தாருக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. அச்சானதும் இரண்டாக அனுப்பு. அம்மாவுக்குத் தனியாக ஒன்று வேண்டுமாம், நான் ஓநாய் மாதிரி உறுமிப் படித்து அவளைப் படம் பார்க்கவிடுவதில்லையாம்.

யார் உதவியும் இல்லாமல் எழுதிய,
உன் அப்பா