குளித்துத் தொழப் போகும் பேய்

திருவனந்தபுரம்,
12-8-1953

அன்புள்ள பிச்சம்மாளுக்கு நயினார் எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? அத்தையின் கால்வீக்கம் வடிந்ததா? உடனே எழுது.

என் பாட்டைக் கேள். எங்கள் கம்பெனி வாங்கிய பேய்ப்படத்துக்கு ட்ரெயிலர் வெட்டி ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பெண்கள் பயந்துவிட்டால் தனியே வரமாட்டார்கள், வீட்டோடு வருவார்கள் என்பது மானேஜர் தாணுமாலயனின் கணக்கு. மதராசில் எடுத்த பேய்க்கு வெள்ளைப் புடவை, விரித்த ஈரக்கூந்தல். நேற்று கொட்டகையில் ஓட்டினால் பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு!

"ஐயே, நம்ம சாரதா குளிச்சுத் தொழப் போறா!" என்று ஒருத்தி கத்தினாள்.

இங்கே கிழக்கேகோட்டையில் தினமும் காலையில் பாதிப் பெண்கள் அந்தக் கோலத்தில்தான் கோவிலுக்குப் போகிறார்கள். முன்பே மானேஜரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மனுஷன் கேட்டால்தானே? இப்போதும், "பேய் போதாது வே, இன்னும் ரெண்டு தடவை காட்டும்!" என்கிறார். இவரோடு எத்தனை நாள் மாரடிப்பது?

கடைசியில் ட்ரெயிலரிலிருந்து பேயையே வெட்டி எறிந்துவிட்டேன். சாத்திய கதவு, தட்டும் சத்தம், "யாரது?" என்றால் பதில் இல்லை. அவ்வளவுதான்.

"இதுக்கு எந்தப் பொம்பளை வே பயப்படுவா?" என்றார்.

"என் வீட்டுக்காரி" என்றேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் அந்தப் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. வருகிறவரை என் அறைக்கே வந்து தரச் சொல்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. இன்று அந்தக் கதவுச் சத்தத்தை ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை. என்னைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்துவிட்டேன்.

நயினார்