சாப்பாட்டு அறை மணி

பிராட்ஃபோர்டு,
3 மார்ச் 1974

அன்புத் தங்கை வின்னிக்கு,

இங்கே நலம். நீ எழுதிப் பல மாதமாகிறது. டொராண்டோ பனியில் பேனா உறைந்துவிட்டதா?

அப்பா பெயர் பொறித்த பலகையை நம் வீட்டுச் சுவரில் பதிக்கப்போகிறார்கள். 'குத்துச்சண்டை வீரர் ஜோஸ் ஹார்க்ரீவ் வாழ்ந்த இல்லம்.' விக்டோரியா ராணி காலத்து வீடு என்பதால் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரே பூரிப்பு. மாடி அறைகளில் கயிற்றை இழுத்தால் கீழே சமையலறையில் அடிக்குமே, வேலைக்காரர்களை அழைக்கும் அந்த மணிகளைக்கூடப் பழுதுபார்த்துவிட்டார்கள். மே மாதம் நாம் இருவரும் பலகையின் திரையை விலக்க வேண்டுமாம். பழசையெல்லாம் விட்டுவிட்டு வா.

உன் அக்கா,
ஹெஸ்டர்


டொராண்டோ,
20 மார்ச் 1974

ஹெஸ்டர் அக்காவுக்கு,

எதை விடச் சொல்கிறாய்? நம் வீட்டில் வேலைக்காரர் யாரும் இருந்ததில்லை. சாப்பாட்டு அறை மணியை அடித்தது அம்மா மட்டும்தான். ஞாயிறு மதியம் இறைச்சிக் குழம்பு ஆறியிருந்தால் போதும், அப்பா கையை ஓங்கிவிடுவார். முதல் குத்தில் அம்மா சுவரில் போய் மோதுவாள், எட்டிக் கயிற்றைப் பிடிப்பாள். கீழே சமையலறையில் நம் தலைக்கு மேல் மணி அலறும். நான் ஓடப் பார்ப்பேன். நீ என் பின்னலைப் பிடித்திழுத்து, "போகாதடி, உன்னையும் கொன்னுடுவாரு" என்பாய்.

கடைசி ஞாயிறு மணி பாதியில் நின்றது. அறுந்த கயிறு அம்மா கையில் இருந்தது. கணப்படுப்பின் இரும்பில் மோதி மண்டை பிளந்திருந்தது. தடுக்கி விழுந்தாள் என்று போலீஸிடம் சொன்னவள் நீ.

நீ அந்தத் திரையைத் தொட்டால், இனி எனக்கு எழுதாதே.

வினிஃபிரட்


பிராட்ஃபோர்டு,
12 மே 1974

வின்னி,

நான் திரையை விலக்குவதாகத்தான் இருந்தேன். பொய் சொல்லமாட்டேன்.

விருந்தாளிகள் மாடியைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் கீழே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் டார்டாஃப், வேடிக்கை காட்டச் சாப்பாட்டு அறைக் கயிற்றை இழுத்திருக்கிறார். மணி அடித்தது.

கெட்டில் என் காலில் கொட்டியது. கரி கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"அட, மணி அடிச்சதும் ஓடி வந்துட்டீங்களே!" என்று அந்த ஆள் சிரித்தார். அங்கே சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தில் ஒரே போடு. முகம் இரண்டாகக் கிழிந்தது. அடுத்த அடியில் அவர் பதக்கங்கள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. என் கையெல்லாம் ரத்தம்.

"ஐயோ, அது உங்க அப்பாங்க!"

"தெரியும்யா. அதனாலதான் அடிக்கிறேன்."

வாசலுக்குப் போய்த் திரையோடு சேர்த்துப் பலகையையும் உடைத்தேன். போலீஸ்காரர் இப்போது சமையலறையில் காத்திருக்கிறார். அம்மா எப்படிச் செத்தாள் என்று இந்த முறை உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

எழுது, வின்னி. அந்தப் படிகளை ஏறுவதற்கு நேரமே ஆகவில்லை. எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

ஹெஸ்டர்