வேகக் கருவி காட்டிய நாற்பத்தாறு

மரியே வாழ்க

திண்டுக்கல்,
அக்டோபர் 10

அன்பு மகன் ஆண்டனிராஜுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அம்மாவும் பேத்தி கிளாராவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடியதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன், நான் வாயைத் திறக்கும்போது உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு முகமது பாரூக்கின் மகன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹா திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதிலும் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

கிளாரா மாவட்ட சாஃப்ட்பால் அணியில் பந்து எறியும் பிட்ச்சராகத் தேர்வானதும் நீ உன் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போட்டிருந்தாய். அதில் ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, பந்தை அவரே எறிந்தவர் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், கீழே நீ மகளின் வெற்றிக்குக் காரணமான குருவுக்கு நன்றி என்று எழுதியிருந்தாய். அந்த மனிதர் அன்று மைதானத்துக்கு வந்ததே ஆட்டம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் மூன்று மாதமாக அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கை போட்டிருக்கிறாரே, அந்தத் தோளைத்தான் அவர் ஏறக்குறைய முறித்துப் போட்டார். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஏப்ரலில் நீ வந்தபோது பந்தின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று கொண்டுவந்து மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அன்றிலிருந்து அவர் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டு எண் படிக்க ஆரம்பித்தார். இந்த விண்ட்மில் வீச்சில் கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பை உரசிக்கொண்டு வந்து, தொடைக்குப் பக்கத்தில் பந்தை விட வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். அவர் கையையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கருவியை நீட்டிக்கொண்டு, "ஸ்டேட்டுக்கு அறுபது கிலோமீட்டர் வேணும் பாப்பா, நீ நாப்பத்தாறுல நிக்கிற. காக்காய்க்குக் கல்லெறியிறியா? முக்கிப் போடு!" என்பார். அந்த அறுபது எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எல்லாருக்கும் தெரியும் சார் என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு எல்லாமே எல்லாருக்கும் தெரிந்ததுதான், தேடினால் ஒரு காகிதத்திலும் இருக்காது. தினம் நூற்றைம்பது பந்து. வேகம் வேண்டும் என்று பிள்ளை உடம்பை முன்னால் கவிழ்த்தாள், இடது காலை நேரே வைக்காமல் குறுக்கே வீசி வைத்தாள், அப்படி வைத்தால் இடுப்பு கைக்கு வழி மறிக்கிறது, கை முதுகுப் பக்கமாகச் சுற்றி வெளியே வருகிறது. எண் ஏறவில்லை, இறங்கியது. நாற்பத்தாறு நாற்பத்துநான்காகி, ஜூலையில் நாற்பத்தொன்று. இறங்க இறங்க அவர் குரல் மட்டும் ஏறியது. நீயும் வாரம் ஒரு முறை அவருக்குப் போன் செய்து இன்னும் அழுத்தம் கொடுங்கள் மாஸ்டர் என்று சொல்லிவந்தாய். கடையில் வாங்கிய பொருள் சரியாக ஓடவில்லை என்று புகார் செய்பவன் போலத்தான் எனக்குக் கேட்டது. வருத்தப்படாதே, அல்லது வருத்தப்படு.

ஜூலை ஏழாம் தேதி, அவள் முழங்கை எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்ப்பதற்காகப் போனில் மெதுவாக ஓடும்படி எடுத்த வீடியோவைக் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வினாடிக்கு இருநூற்று நாற்பது கட்டம். பந்து கையை விட்டு கேட்ச்சரின் கையுறையில் விழ நூற்று முப்பத்தெட்டு கட்டம் ஆனது. தூரம் நாற்பது அடி, அவள் ஆறடி முன்னால் வந்து பந்தை விடுகிறாள், மிச்சம் முப்பத்துநான்கு. கணக்குப் போட்டால் மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வந்தது. அந்தப் பந்துக்குக் கருவி காட்டியது நாற்பத்தொன்று. என் கணக்குத்தான் தவறு என்று மூன்று முறை போட்டேன். மறுநாள் மாஸ்டர் டீ குடிக்கப் போன சமயம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கருவியைப் பார்த்தால், எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் எம்.பி.எச். என்று இருக்கிறது. அது மைல், ஆண்டனி. நீ வாங்கிய கருவி மைல் காட்டுகிறது, அவர் கிலோமீட்டர் கேட்கிறார். கைவலியோடும் கோணல் கையோடும் அவள் போட்ட மிக மோசமான பந்துகூட அவருடைய அறுபதைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அவரை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் இயற்பியல் நடத்தி, அலகு எழுதாத விடைக்கெல்லாம் அரை மதிப்பெண் வெட்டியவன் நான். ஏப்ரலில் இருந்து தினமும் அந்த எண்களை நோட்டில் ஏற்றியவனும் நானே, மேலே கி.மீ. என்று தலைப்பு எழுதி ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருக்கிறேன். அதைவிடக் கேவலம், கண்டுபிடித்த பிறகும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். ஒரு முறை நோட்டோடு மைதானம் வரை போனேன். "என்ன சார், நோட்டும் கையுமா? நீங்க போர்டுல பந்து போடுவீக, இது கிரவுண்டு" என்றார், சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், நான் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் காலை கிளாராவால் தலை வாரச் சீப்பைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். உன் அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை கை வலிக்குதுன்னு ஒம்போது நாளா முனங்குது, நீங்க நோட்டுல கூட்டிக்கிட்டா இருந்தீக? அந்த ஆளு கத்துவான்னு பயம்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே, எனக்கென்ன தொண்டையில்லையா?" என்று கேட்டாள். 

அன்றே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம், தோளில் தசைநார் வீங்கியிருக்கிறது, நாலு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றார். அந்தச் சீட்டோடு மாஸ்டரிடம் போய் மைல் கதையைச் சொன்னேன். அவர் கருவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மைலோ கிலோமீட்டரோ, கொறைஞ்சது கொறைஞ்சதுதானே சார்" என்றார். இந்த அறிவை நம்பித்தான் நம் பிள்ளையின் கையை ஒப்படைத்திருந்தோம். பிறகு உனக்குப் போன் போட்டு, உங்கப்பா பிள்ளையைப் பொத்தி வைத்துக் கெடுக்கிறார் என்று சொல்லியிருக்கிறார், நீயும் உடனே என்னைக் கூப்பிட்டு உங்களுக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்றாய். நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாது. போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

தெரிந்தவள் சத்யபிரியா. கேட்ச்சர், கிளாரா வகுப்புத்தான், வேடசந்தூரிலிருந்து வருகிறாள், அவள் அம்மா மில்லுக்குப் போகிறவர். அத்தனை பந்தையும் முட்டி போட்டு வாங்கியவள் அவள், எந்தப் பந்து எதனால் கோணுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. நாலு வாரம் முடிந்ததும் சனிக்கிழமைதோறும் வந்தாள். முதலில் பத்தடி தூரத்தில் கிளாராவை ஒரு முட்டி போட வைத்து மணிக்கட்டை மட்டும் சுண்டச் சொன்னாள், இரண்டு வாரம் அதுதான். பிறகு நிற்க வைத்துத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் நேராக ஒரு கோடு போட்டாள், கால் அதன்மேல் விழ வேண்டும். விலகினால், "நான் இங்கன உக்காந்திருக்கேன்டி, உன் காலு பேகம்பூருக்குப் போவுது, பஸ் டிக்கெட் எடுத்துட்டியா?" என்பாள். கிளாரா சிரித்துவிட்டு மறுபடி வைப்பாள். கை இடுப்பை உரசுகிறதா என்று தெரிய, கிளாராவின் சட்டை இடுப்புத் தையலில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டாள். உரசினால் முன்கையில் வெள்ளை ஒட்டும், ஒட்டாத பந்து கணக்கில் இல்லை. இந்தப் பயிற்சியில் என் பங்கு அந்த ஒரு டப்பா சாக்பீஸ். செப்டம்பர் கடைசியில் இருபது பந்துக்குப் பதினேழில் வெள்ளை ஒட்டியது, வலி இல்லை. மாவட்ட அணித் தேர்வில் யாரும் கருவி நீட்டவில்லை, எதிரே நின்ற பிள்ளைகளால் பந்தைத் தொட முடிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பெரும்பாலும் முடியவில்லை. கிளாராவை எடுத்துக்கொண்டார்கள். சத்யபிரியாவை ரிசர்வில் எழுதினார்கள், அந்தப் பெரிய மனிதர்களுக்கும் எறிகிறவள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவாள் போலிருக்கிறது.

நீ மீண்டும் ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டரிடமே அனுப்புங்கள் என்கிறாய். அனுப்ப மாட்டேன். இப்படி ஒரு வாக்கியம் உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் முறை, எழுதிவிட்டு நாலு முறை படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கிளாராவிடம் கேட்டேன், அவரிடம் போகச் சொன்னால் பந்தையே விட்டுவிடுவேன் தாத்தா என்றாள்.

இன்னொன்று. மைல் விஷயத்தை அவளிடம் சொன்ன அன்று, "அப்போ ஏப்ரல்ல அப்பா முன்னாடி போட்டது எம்புட்டு தாத்தா?" என்று கேட்டாள். கருவியின் உறையைப் பிரித்து நீயே கையில் பிடித்து அளந்தாயே, அந்த முதல் பந்து. கருவி காட்டிய நாற்பத்தாறு, கிலோமீட்டரில் எழுபத்துநான்கு என்றேன். "அப்பா பார்த்துட்டு, இம்புட்டுதானான்னாரு" என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள். நீ அப்படிச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் அதற்கப்புறம்தான் முக்கிப் போட ஆரம்பித்தாள், மாஸ்டருக்காக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குக் கிளம்புகிறாள், அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். வியாழனுக்குள் கூப்பிடு. உபதேசம் வேண்டாம், அந்த எழுபத்துநான்கை மட்டும் நீ உன் வாயால் அவளிடம் சொல். நேரம் தவறாமல் சாப்பிடுங்கள், மருமகள் முதுகுவலியைக் கவனிக்கச் சொல். தூய சவேரியார் உங்கள் இருவரையும் காக்கட்டும், என் ஆசீர் என்றும் உண்டு.

அன்புடன் உன் அப்பா,
சூ. ஞானராஜ்