தேவதூதனின் முதுகும் என் முதலையும்

மக்களே, என் மருமகளே,

இன்று காலை பாறசாலைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போனேன். பக்கத்து வொர்க்‌ஷாப்பில் ஒரு பையன் வேனின் உடைந்த முன்பக்கத்துக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த ரெசின் மணம் மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. உன் சிலைக் கொட்டகையின் மணம் அது. "என்ன மாமா, தலை சுத்துதா?" என்று கேட்டான். "எனக்கா? எலே, வெள்ளத்துல முதலையோட மல்லுக்கட்டினவனாக்கும் நான்" என்றேன். நீ பக்கத்தில் நின்றிருந்தால், "கொஞ்சம் சீவுங்க மாமா" என்றிருப்பாய்.

களிமண்ணுக்கும் என் பேச்சுக்கும் நீ அந்த ஒரே வார்த்தையைத்தான் வைத்திருந்தாய். கூடுதலாக நிற்பதைச் சீவி எடுக்கவேண்டும்.

நர்ஸ் வேலையை விட்டுவிட்டு நீ சிலை செய்ய உட்கார்ந்தபோது உன் அம்மை, என் கூடப்பிறந்தவள், "வெள்ளை உடுப்பக் கழத்திப் போட்டுட்டுச் சேத்துல இறங்கிட்டாளே" என்று ஊரைக் கூட்டினாள். அவளை அடக்கியவன் நான். எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு இந்தக் கைக்கு மனுஷ உடம்பு முழுவதும் மனப்பாடம், கேரளம் மொத்தத்திலும் இப்படி ஒரு கை கிடையாது என்றேன். நான் எட்டாம் கிளாஸோடு நின்றவன்தான். ஆனாலும் கலை விஷயத்தில் என் வாக்கு பிழைத்ததில்லை. நீயோ சிலையோடும் நிற்கவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய், கூலி வாங்காமல் புண் கழுவிக்கொண்டிருந்தாய்.

அப்படி நீ போகும் வீடுகளில் ஒன்றுதான் தங்கப்பன் அண்ணனுடையது. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். தோட்டு ஓடையின் கரையில் தாழ்ந்த வீடு.

மேலே அணையில் ஷட்டரைத் திறந்த அந்த மழைநாளில் அவர் மனைவி நனைந்த கோழிபோல உன் கொட்டகைக்கு ஓடிவந்தாள். "பிள்ளே, வெள்ளம் உள்ள கேறியாச்சு. கட்டிலு முங்கப் போவுது." நீ போன் செய்தாய். மீட்புப் படகு ஆற்றின் அக்கரையில் நின்றது, வர நேரமாகும் என்றார்கள். தோளில் தூக்கி வரலாம் என்றேன் நான். "அவருக்க முதுகு வளையப்பிடாது மாமா. வளைஞ்சா ஆளு போச்சு" என்றாய்.

உன் கண் கொட்டகையைச் சுற்றிவந்தது. ஒரு தேவாலயத்துக்காக நீ செய்துகொண்டிருந்த தேவதூதனின் ஃபைபர் அச்சு, முதுகுப் பாதி மட்டும், சுவரில் சாய்ந்திருந்தது. ஆறடிக்குமேல் நீளம், மடித்த சிறகின் குழிவோடு ஒரு தோணி மாதிரி.

"மாமா, அதைப் பிடிங்க."

"பிள்ளே, அது தேவதூதனாக்கும்!"

"தேவதூதன் பிறகு வரட்டும். இப்ப முதுகு மட்டும் போதும்."

நாம் போய்ச் சேரும்போது தண்ணீர் மெத்தையைத் தொட்டிருந்தது. "தூக்காதீங்க, தடியப் போல ஒரே சீராப் புரட்டணும்" என்று நீ சொல்ல, போர்வையோடு அவரைப் புரட்டி அச்சுக்குள் கிடத்தினோம். தங்கப்பன் அண்ணன் சிறகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்க காலம் முடிஞ்சாச்சா பிள்ளே? தேவதூதன் வந்தாச்சா?" என்றார். "முதுகு மட்டும்தான் வந்திருக்கு அண்ணே. முகம் இன்னும் செய்யல்ல. கிடயுங்க" என்றாய்.

வாழைத்தோட்டத்தைக் கடக்கும்போதுதான் தண்ணீரின் ஒழுக்கு பிடித்து இழுத்தது. தண்ணீர் என் நெஞ்சுக்கு, உன் கழுத்துக்கு. அச்சு ஒரு ஆட்டம் ஆடியது. அவர் பயந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கமாய் இழுத்தார். மரம் ஏறிய கை, இரும்பு. அச்சு சாய்ந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. "கையை விடுங்க அண்ணே, கையை விடுங்க!" என்று நீ கத்தினாய். அவர் காதில் ஏறவில்லை. மறுபடியும் சாய்ந்தது. "போயிரும் மாமா" என்றாய். உன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என் வாயில் வந்தது என்ன என்று எனக்கே தெரியாது. "தங்கப்பண்ணே, முதலை! கையை உள்ள எடும்! அனங்கினா பிடிச்சிரும்!"

கை இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. மனுஷன் சிலையாகிவிட்டார். அச்சு நிமிர்ந்தது.

"நிறுத்தாதீங்க மாமா, பேசுங்க" என்றாய். என் ஆயுசில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் நீ. பிறகு விடுவேனா! கண் சிவப்பு, வால் பனைமரம், இந்தா திரும்புது, இந்தா முங்குது என்று கரை வரைக்கும் ஓட்டினேன். கரைப்பாறையில் முட்டி அச்சு விரிசல் விட்டது. ஆனால் ஆள் சேர்ந்துவிட்டார். அவர் முதலில் கேட்டது, "எத்தனை அடி இருக்கும் ஓய்?" "பன்னிரண்டு." சேற்றில் உட்கார்ந்து நீ சிரித்தாய், அழுதாய். "கொஞ்சம் சீவுங்க மாமா."

அந்த விரிசலை ஒட்டித்தான் தேவதூதனை வார்த்தாய். இன்றும் அதன் முதுகில் ஒரு தழும்பு உண்டு. தேவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகு புண் கழுவப் போகும் வீடுகளுக்கெல்லாம் என்னையும் கூட்டிப் போனாய். உனக்குக் கை வேலை, எனக்கு வாய் வேலை.

கடைசியில் நோய் வந்து நீயே கட்டிலில் விழுந்தாய். புது நர்ஸ் உன் முதுகுப் புண்ணைக் கழுவ வந்தாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "முதலை எத்தனை அடி மாமா?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நிறுத்தப்பிடாது, சொல்லுங்க." எப்படியோ, "எட்டு" என்றேன். உள்ளதைச் சுருக்கிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"சீவாதீங்க மாமா. முழுசும் வேணும்."

இன்று சந்தையிலிருந்து நேரே தங்கப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். புண் கழுவும் நாள். நீ கண்ணை மூடியபின் அந்தப் புது நர்ஸ்தான் வருகிறாள். அந்தப் பெண் கையுறையை மாட்டினாள். அவர் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தார். நான் மரச்சீனியை மூலையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தங்கப்பண்ணே, கையை உள்ள எடும். வருது பாரும், இருபதடி."