பத்து மணிக்குக் கிளம்பும் வண்டி

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஆனால் ஜூனில் நீயும் மாமாவும் வந்து இறங்குவதற்குள் மரமெல்லாம் இலை விட்டுவிடும். நீ கேட்டபடியே பயணத் திட்டத்தைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாடகைக்கு எடுக்கப் போவது கார் இல்லை, வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பக்கத்து நாட்டை ஒன்பது நாள் சுற்றுகிறோம்.

முதல் நாள் 80 கிலோமீட்டர், அடுத்த நாள் 70, மூன்றாம் நாள் 85. நாலாம் நாள் மட்டும் மலையைச் சுற்றிக்கொண்டு 140. பிறகு மறுபடியும் எண்பதை ஒட்டித்தான். தினமும் பத்து மணிக்குக் கிளம்பி மூன்றரைக்குள் நிறுத்திவிடலாம். ஒன்பது நாளும் நான்தான் ஓட்டுகிறேன், என் வீட்டுக்காரிக்கு ஓய்வு.

முப்பது வருஷம் டிப்போவில் பஸ்களுக்கு நேரம் போட்டவள் நீ. சிரிக்காமல் படித்துவிட்டு, சரி என்று ஒரு வரி எழுது. டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

உன்
வாண்டு


மார்ச் 4

என் அருமை வாண்டுக்கு,

நாற்பத்தெட்டு வயதுக்காரனை வாண்டு என்று கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு, மறந்துவிடாதே. நாங்கள் சுகம். உன் மாமா ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் இருக்கும் கடிகாரங்களை எல்லாம் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒன்றுக்கொன்று பத்து நிமிஷம் வித்தியாசம்.

உன் திட்டத்தைப் படித்தோம். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, ஸ்கேலோடு உட்கார்ந்தோம். "என்னம்மா இது, ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டரா? பால் வண்டி இதைவிட அதிகமா ஓடுமே!" என்றார் மாமா. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூனில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று நீயே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாய். அப்புறம் எதற்கு மூன்றரைக்கே வண்டியை நிறுத்த வேண்டும்? நாலாம் நாள் மலைக்குள்ளே சுரங்கப்பாதை இருக்கிறது. அதில் போனால் ஐம்பது கிலோமீட்டர்தான். மூன்று நாள் சிக்கனம் பிடித்தவன் அன்றைக்கு மட்டும் எதற்குத் தொண்ணூறு கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றுகிறாய்?

ஒளித்து வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது. உன் மனைவிக்கு நாங்கள் வருவதில் விருப்பம் இல்லையா? எங்களோடு அதிக நேரம் உட்காராமல் இருக்க அவள்தான் இப்படிக் குறுக்கினாளா? போன தடவை நீங்கள் ஊருக்கு வந்தபோதே எனக்கு மனசில் ஒன்று விழுந்துவிட்டது. விமான நிலைய வாசலில் நான் ஓரமாக நின்று கையை ஆட்டுகிறேன், நீ ஒரு கை தூரத்தில் என்னைத் தாண்டிப் போகிறாய். திரும்பிப் பார்க்கவில்லை. மாமா ஓடி வந்து உன் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாக இதைக் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டேன்.

அன்புடன்
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தால் அழைப்புக்குப் பதில் மாதிரி இல்லை, விசாரணை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. மாமாவுக்கு முதுகு வலியாயிற்றே என்றுதான் தூரத்தைக் குறைத்தேன். பெரிய வண்டி, சீக்கிரம் போனால்தான் நிறுத்த நல்ல இடம் கிடைக்கும். சுரங்கப்பாதை என்றால் இவளுக்கு மூச்சு முட்டும், அதனால்தான் சுற்றுவழி. விமான நிலையத்தில் அன்றைக்கு ஒரே கூட்டம், கவனிக்கவில்லை. அக்காவை வேண்டுமென்றே தாண்டிப் போகிறவனா நான்?

இவள் மேல் பழி போடாதே. இதைப் பற்றி இவளுக்குப் போன் செய்து கேட்கவும் வேண்டாம், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. உனக்கு வர மனசில்லை, அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் என் கிலோமீட்டரில் நொட்டை சொல்கிறாய். வர இஷ்டமில்லை என்றால் நேராக எழுதிவிடு.

வாண்டு


மார்ச் 28

என் வாண்டுக்கு,

மாமாவுக்கு முதுகு வலி போய் ஒரு வருஷம் ஆகிறது. அது உனக்கும் தெரியும். உன் பழைய கடிதங்களை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன், நேற்று எடுத்துப் படித்தேன். போன செப்டம்பரில் நீயே எழுதியிருக்கிறாய்: இவள் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிற வழியில் ஒரு சுரங்கப்பாதை வருகிறது, உள்ளே போனதும் ரேடியோ நின்றுவிடுகிறது என்று தினமும் அலுத்துக்கொள்கிறாள் என்று. தினமும் சுரங்கப்பாதையில் வண்டி ஓட்டுகிறவளுக்கா மூச்சு முட்டுகிறது? அவளிடம் கேட்காதே என்று நீ எழுதியதுமே எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. பாவம், நான் சந்தேகப்பட்ட ஆள் தப்பு.

பிறகு உன் திட்டத்தை எடுத்து, டிப்போவில் செய்கிற மாதிரி, கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. பத்து மணிக்கு முன்னால் வண்டி எடுக்கக் கூடாது. மூன்றரைக்குமேல் ஓட்டக் கூடாது. வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டுக்குள் போகிற வழி வரக் கூடாது. வாண்டு, இந்த டூட்டியை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தில். அப்பாவுக்கு.

டிப்போவில் எந்த டிரைவருக்குக் கண் மங்குகிறது என்று டாக்டருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். யார் எந்த டிரிப்பை மாற்றிக் கேட்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். அப்பா அதே டிப்போவில் பஸ் ஓட்டிய கடைசி வருஷங்களில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "சாயங்காலமானா கொஞ்சம் மங்கலா இருக்கும்மா, பக்கவாட்டுலயும் சரியாத் தெரியலை. இன்னும் ரெண்டு வருஷம்தானே, யாருகிட்டயும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. பாலத்துக்கு அடியில் போகும் பாதையை அவர் டூட்டியிலிருந்து எடுத்தேன். பத்து மணிக்கு எடுத்து நாலு மணிக்கு விடுகிற மாதிரி எழுதினேன். அன்பால் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விபத்து மழையால் நடந்தது என்றுதான் உனக்குத் தெரியும், நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பகல் இரண்டு மணிக்கு மேகம் மூடி இருட்டிவிட்டது, அவ்வளவுதான். சைக்கிளில் வந்த தச்சர் இடது பக்கம் இருந்தார். அப்பா கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. அந்த மனிதருக்கு ஒரு கால் போயிற்று. சக்கரம் வழுக்கியது என்று எழுதி முடித்தார்கள். வழுக்கியது சக்கரம் இல்லை என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். அதன் பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. போகும் வரைக்கும் பேசவில்லை. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, மாமாவிடம்கூட.

நான் உன்னை எட்டு வயதிலிருந்து சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள். உன் மேல் எனக்கு உயிர். ஆனால் இந்தத் திட்டத்துக்குச் சரி என்று எழுத மாட்டேன். என் கை இனிமேல் அப்படி ஒரு டூட்டிக்குக் கையெழுத்துப் போடாது.

எத்தனை நாளாக மறைக்கிறாய்? தினமும் வேலைக்கு எப்படிப் போகிறாய்? போனில் நீ மழுப்பிவிடுவாய், எழுது. முதலில் அவளிடம் சொல். அப்புறம் கண் டாக்டரிடம் போ. அதற்கப்புறம்தான் டிக்கெட். இல்லை, நான்தான் ஓட்டுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தால் நாங்கள் வரவில்லை. நீயும் தனியாகக்கூட அந்த வண்டியைத் தொடக் கூடாது.

உன் மேல் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கோட்டுப் பையிலேயே இருந்தது. கிழித்துப் போடலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்புறம் அப்படியே எடுத்து இவளிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மூணு மாசமா டம்ளருக்கு வெளியிலதான் தண்ணி ஊத்துறீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "அக்கா என்னைத்தான் சந்தேகப்பட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

போன வாரம் கண் டாக்டரிடம் போனோம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, அங்கங்கே வெளிச்சப் புள்ளி காட்டினார்கள். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். நடுவில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, சுற்றி இருப்பதுதான் போய்க்கொண்டிருக்கிறது. அப்பா வழியில் வந்ததுதான் என்றார் டாக்டர். கார் சாவியை அன்றைக்கே இவளிடம் கொடுத்துவிட்டேன். வேலைக்கு ரயிலில் போகிறேன். வெட்கமாக இருந்தது அக்கா. இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

அப்பா உன்னிடம் பேசாதது உன் மேல் இருந்த கோபத்தால் இல்லை. எனக்கு இப்போது அது தெரியும். நானும் உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அவ்வளவு காரணம் எழுதினேன்.

புதுத் திட்டம் இவள் கையெழுத்தில் இத்துடன் இருக்கிறது. முதல் நாள் 190, இரண்டாம் நாள் 210. காலை எட்டு மணிக்கே கிளம்புகிறோம். நாலாம் நாள் சுரங்கப்பாதை வழியாகத்தான். ஓட்டுவது இவள். எனக்கு டீ போடும் வேலை. மாமா சிரிக்கிற மாதிரி ஒரு கிலோமீட்டர்கூட இதில் இல்லை. நீ சரி என்று எழுதினால் போதும்.

விமான நிலையத்துக்கு நானும் வருவேன். நீ வெளியே வந்ததும் ஓரமாக நின்று கையை ஆட்டாதே அக்கா. எனக்கு நேர் எதிரே வந்து நில்.

உன்
வாண்டு